உங்களுக்கு ஒத்துவராத குதிரையை விற்பது எப்படி: கடலூர், புதுச்சேரி பக்கத்துப் புதியவர்களுக்கு

குதிரை வாங்கிய ஆறேழு மாதத்தில் பலர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "நல்ல குதிரைதான், ஆனால் எனக்கு ஒத்துவரவில்லை. என்ன விலை சொல்வது, யாரிடம் கொடுப்பது?" காலாப்பட்டுப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள், கடலூரில் பிள்ளைகளுக்காக வாங்கியவர்கள், பந்தய மைதானத்திலிருந்து வந்த குதிரையை ஆசையாக எடுத்தவர்கள் என்று ஆட்கள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை.

என் பதில் இதுதான்: ஏன் ஒத்துவரவில்லை என்பதை முதலில் சரியாகக் கண்டுபிடியுங்கள். யார் வாங்குவார், எவ்வளவு கொடுப்பார், அவரை எங்கே தேடுவது என்று மூன்றையும் அந்தக் காரணமே முடிவு செய்கிறது. அதை மறைத்து விலை பேசினால் உங்களுக்கும் நஷ்டம், ஆனால் பெரிய நஷ்டம் குதிரைக்கு. விஷயம் தெரியாமல் வாங்கியவர் மூன்று மாதத்தில் இன்னொருவரிடம் தள்ளிவிடுவார், அவர் அடுத்தவரிடம். கை மாற மாறக் குதிரையின் வாய் கெடும் (கடிவாளத்துக்குக் கட்டுப்படாது), மனசு கெடும், விலையும் இறங்கிக்கொண்டே போகும்.

முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள்

"ஏறினாலே உதறுகிறது", "கடிவாளம் போட விடவில்லை", "வலது பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது" என்று சொல்லப்படும் குதிரைகளில் நிறையக் குதிரைகளுக்குக் குணம் கெடவில்லை, எங்கோ வலிக்கிறது. கடைவாய்ப் பல் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழித்தால் கடிவாளத்தை எதிர்க்கும். சேணம் முதுகெலும்பில் உட்கார்ந்தால் ஏறும்போதே முதுகை வளைக்கும். மழைக்காலத்தில் ஈரத்திலேயே நின்று குளம்பின் அடி அழுகியிருந்தால் ஓட மறுக்கும். மருத்துவரை வைத்துப் பல், முதுகு, குளம்பு மூன்றையும் பார்த்துவிடுங்கள். புதுச்சேரியில் குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிலையம் நம் இரண்டு ஊருக்குமே எட்டும் தூரம்தான்.

தீனியையும் பாருங்கள். நம் பக்கம் குதிரை என்றாலே கொள்ளு என்று ஆகிவிட்டது. நாள் முழுக்க லாயத்தில் நின்று, வாரத்துக்கு ஒரு நாள் ஓடும் குதிரைக்குக் கொள்ளும் தவிடும் அள்ளிப் போட்டால் அது துள்ளாமல் என்ன செய்யும்? ஒரு குதிரைக்கு அதன் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை தினமும் புல், வைக்கோல் போன்ற நார்த்தீனி வேண்டும். தானியத்தைக் குறைத்து, புல்லைக் கூட்டி, தினமும் வெளியே விட்டு மூன்று நான்கு வாரம் பாருங்கள். அதிலேயே சரியாகிவிட்டால் விற்கும் வேலையே இல்லை.

நோயோ காயமோ வலியோ இருந்தால் முதலில் வைத்தியம், அப்புறம்தான் விற்பனை. கொடுமையாலோ பட்டினியாலோ வலியில் இருக்கும் விலங்கை விற்க முன்வைப்பதே 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். வலி மாத்திரை கொடுத்து நொண்டலை மறைத்து விற்பவர்களும் உண்டு. அந்த வேலை நமக்கு வேண்டாம்.

எந்த வகையில் ஒத்துவரவில்லை

வலி இல்லை, தீனியும் சரி, ஆனாலும் உங்களுக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. இப்போது உங்களைவிட நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரை ஏற்றிப் பாருங்கள். அவருக்குக் கீழே குதிரை அமைதியாக இருந்தால் விஷயம் பயிற்சியில் இருக்கிறது. அவருக்கும் அடங்கவில்லை என்றால் குதிரையின் பழக்கத்தில் இருக்கிறது. இந்த இரண்டும் இரண்டு விலை.

எடைப் பொருத்தம் எளிதாகக் கணக்குப் போடக்கூடியது. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி எத்தனை செ.மீ. என்று டேப்பால் அளங்கள். தோள் முனையிலிருந்து பின்புட்டத்தின் முனைவரை நீளத்தையும் அளங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,877ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். சுற்றளவு 170, நீளம் 150 என்றால் 365 கிலோ. சேணத்தோடு சேர்த்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பது பொதுவான கணக்கு. இந்தக் குதிரைக்கு அது 73 கிலோ. நீங்கள் 78 கிலோ, சேணம் ஏழெட்டுக் கிலோ என்றால் குதிரையிடம் ஒரு குறையும் இல்லை. 50 கிலோ இருக்கும் ஒரு பெண்ணுக்கோ பள்ளி மாணவனுக்கோ அது அருமையான குதிரை. அப்படி எழுதினால் விலை குறைய வேண்டியதே இல்லை.

கிண்டி, பெங்களூர், ஊட்டி மைதானங்களில் ஓடி ஓய்ந்த குதிரைகள் தனி ரகம். பந்தயத்தில் ஜாக்கியைக் கீழிருந்து ஒருவர் காலைப் பிடித்துத் தூக்கிவிடுவார், குதிரை நடந்துகொண்டே இருக்கும். ஆகவே நீங்கள் அங்கவடியில் கால் வைத்ததும் அது கிளம்பினால் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதற்குக் கற்றுக்கொடுத்ததே அதுதான். கடிவாளத்தை இறுக்கி இழுத்தால் நிற்கும் என்று நாம் நினைப்போம். கடிவாளத்தின் வாயிரும்பில் சாய்ந்துகொண்டே ஓடிப் பழகிய பந்தயக் குதிரைக்கு இழுப்பது என்றால் "இன்னும் ஓடு". புதியவருக்கு இது ஆபத்து. அனுபவம் உள்ளவர் கையில் அதே குதிரை ஆறு மாதத்தில் தடை தாண்டும். இதை விற்பவர் தேட வேண்டியது அனுபவசாலியை, நிச்சயமாக இன்னொரு புதியவரை அல்ல.

வடக்கேயிருந்து வரும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளில் சிலவற்றுக்கு மேளத்துக்கு ஆடப் பழக்கியிருப்பார்கள். தலையைத் தூக்கி, முன்னங்காலை எடுத்து வைத்து, இருந்த இடத்திலேயே துள்ளும். பார்க்க அழகு, சவாரி கற்பவருக்கு அவஸ்தை. இப்படிப்பட்ட குதிரையின் வாயைத் திறந்து பாருங்கள். முள் வைத்த இரும்பு போட்ட தழும்பு இருக்கலாம். முள் உள்ள கடிவாளத்தை விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1965ஆம் ஆண்டு விதிகள் தடை செய்கின்றன, அதை இன்றே கழற்றி எறியுங்கள். மென்மையான இரும்புக்கு மாற்றிய சில வாரங்களில் பாதிக் "குணக்கேடு" போய்விடுவதுண்டு. விற்பதாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டு விற்கலாம். குதிரைக்கும் நல்லது, உங்கள் விலைக்கும் நல்லது.

மிச்சம் இருப்பது குணம். பேருந்து ஹாரனுக்கு மிரள்வது, தனியாகப் போக மறுப்பது, பிடுங்கிக்கொண்டு ஓடுவது, முன்னங்காலைத் தூக்கி எழுந்து நிற்பது. முதல் இரண்டும் பழக்கத்தில் மாறும். பின்னது இரண்டும் ஆளைக் கொல்லக்கூடியவை. எழுந்து நிற்கும் குதிரையைக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு எந்த விலைக்கும் விற்காதீர்கள்.

விலை போடுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

வயது. பல் பார்த்துச் சொல்வதுதான் நம் ஊர் வழக்கம், அது சரியான வழியும்கூட. நடு முன்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரப் பற்கள் நாலரையிலும் விழுந்து முளைக்கும். மேல்தாடை ஓரப்பல்லில் பத்து வயது வாக்கில் ஒரு கோடு தோன்றும். பதினைந்தில் அது பாதிப் பல்வரை இறங்கும், இருபதில் முழுப் பல்லுக்கும் ஓடும். பத்து வயதுக்கு மேல் பல்லை வைத்து ஒரு மதிப்பீடுதான் சொல்ல முடியும். ஆகவே மருத்துவர் சொன்னதை "பல் பார்த்து 11 முதல் 13" என்று அப்படியே எழுதுங்கள்.

உயரம். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில், சமதரையில் நிறுத்தி, லாடத்தின் தடிமனைக் கழித்து அளக்க வேண்டும். வியாபாரிகள் இன்ச் கணக்கில் பேசுவார்கள், சவாரிப் பள்ளிகளில் ஹேண்ட் கணக்கு. ஒரு ஹேண்ட் நான்கு இன்ச், 58 இன்ச் என்றால் 14.2 ஹேண்ட், அதாவது 14 ஹேண்டும் 2 இன்ச்சும். இரண்டையும் எழுதிவிடுங்கள். ஒரு இன்ச் கூட்டிச் சொல்லும் பழக்கம் சந்தையில் உண்டு. வாங்குபவர் டேப்போடு வந்தால் அந்த ஒரு இன்ச்சில் மற்ற எல்லாப் பேச்சும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

இரத்தப் பரிசோதனை. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும், 2009ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்கான பரிசோதனையைச் செய்கிறது. உங்கள் மருத்துவர் மூலம் மாதிரி அனுப்பலாம். முடிவு வரக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் விளம்பரம் கொடுக்கும் முன்பே இதைத் தொடங்குங்கள். டெட்டனஸ் தடுப்பூசிச் சீட்டு, பூச்சி மருந்து கொடுத்த தேதி, கடைசியாக லாடம் அடித்த தேதி எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். பந்தயத்திலிருந்து வந்த குதிரைக்குப் பாஸ்போர்ட் என்னும் அடையாளப் புத்தகம் இருக்க வேண்டும். அதில் உள்ள அடையாளங்கள் உங்கள் லாயத்தில் நிற்கும் குதிரையோடு ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே ஒருமுறை சரிபாருங்கள்.

பெட்டை என்றால் சினை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம், முதல் சில மாதங்கள் வெளியே ஒன்றும் தெரியாது. ஆண் குதிரையோடு சேர்த்துக் கட்டியிருந்த இடத்திலிருந்து வாங்கியிருந்தால் இது கட்டாயம்.

விலை

பழைய பைக் என்றால் எந்த வருஷத்து மாடல், எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்டதும் ஒரு தொகை வந்துவிடும். குதிரைக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஒரே உயரம், ஒரே வயதுள்ள இரண்டு குதிரைகளில் ஒன்று இன்னொன்றைப்போல மூன்று மடங்குக்குப் போவது சாதாரணம். காரணம் பயிற்சி, குணம், அப்புறம் அது நிற்கும் சந்தை.

நீங்கள் வாங்கிய விலையை முதலில் மறந்துவிடுங்கள். இதுதான் எல்லாருக்கும் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் அதிகம் கொடுத்து ஏமாந்திருக்கலாம், குறைவாகக் கொடுத்து அதிர்ஷ்டம் அடித்திருக்கலாம். வாங்குபவருக்கு இரண்டிலும் சம்பந்தம் இல்லை. இத்தனை மாதம் போட்ட தீனிச் செலவையும் விலையில் ஏற்ற முடியாது. அந்த மாதங்களில் குதிரை உங்களுடையதாக இருந்தது, அதற்கான செலவு அது.

இப்போது, உங்கள் குதிரையைப் போன்ற ஒன்றை இன்று வாங்கப் போவதாக நினைத்து நாலைந்து இடத்தில் விசாரியுங்கள். சென்னை ஈசிஆர் ஓரம், பெங்களூர், கோயம்புத்தூர் வரை கேட்கலாம். சொல்லும் விலையைக் கேட்டு நிறுத்தாமல், "கடைசியாகக் கொடுத்த குதிரை எவ்வளவுக்குப் போனது?" என்றும் கேளுங்கள். அந்த இரண்டாவது எண்தான் உங்கள் தொடக்கம்.

அதன்மேல் ஏற்றமும் இறக்கமும் போடுங்கள். ஏழிலிருந்து பதினாலு வயதுக்குள் இருப்பது, வண்டியில் தானாக ஏறுவது, லாடம் அடிக்க அமைதியாக நிற்பது, காயடித்த ஆணாகவோ அமைதியான பெட்டையாகவோ இருப்பது, சாலைச் சத்தத்துக்குப் பழகியிருப்பது, புதியவர் ஏறினாலும் தாங்குவது எல்லாம் ஏற்றம். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ மேளமும் வெடியும் கூட்டமுமாக இருக்கும்போது அந்தத் தெருவில் அசையாமல் நின்ற குதிரை என்றால் அதை வீடியோவோடு சொல்லுங்கள், அதற்குப் பணம் கொடுப்பார்கள். பழைய தசைநார்க் காயம், கட்டையைக் கடித்துக் காற்று விழுங்கும் பழக்கம், உதைப்பது, பதினாறு பதினேழு வயதைத் தாண்டியது, இடமோ வலமோ ஒரே பக்கம் மட்டும் ஓடுவது எல்லாம் இறக்கம்.

சுழி, நிறம், பஞ்சகல்யாணி பற்றி ஒரு வார்த்தை. நாலு காலும் முகமும் வெள்ளையாக உள்ள குதிரைக்கும், முழு வெள்ளைக் குதிரைக்கும் கோயில், கல்யாணத் தேவைக்காக நல்ல விலை உண்டு. கெட்ட சுழி என்று சொல்லப்படும் இடத்தில் சுழி இருந்தால் அதே சந்தையில் பாதிக்குக் கேட்பார்கள். சுழியால் குதிரை நல்லதாகவோ கெட்டதாகவோ ஆகாது என்பது என் கருத்து. ஆனால் நம்புகிறவரோடு வாதாடி விற்க முடியாது. எங்கெங்கே சுழி இருக்கிறது என்று தெளிவாகப் படம் எடுத்து முன்கூட்டியே அனுப்புங்கள். நம்புகிறவர் அங்கேயே விலகிக்கொள்வார், உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாள் மிச்சம். சவாரிப் பள்ளிக்காரர் சுழியைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடித் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில் உயரமும் நிறமும் சுழியும் பேசும். சவாரிக்காரர்கள் மத்தியில் பயிற்சி பேசும். ஒரே குதிரைக்கு இரண்டு இடத்தில் இரண்டு விலை வருவது இதனால்தான். உங்கள் குதிரையின் பலம் எதில் இருக்கிறதோ அந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

அப்புறம் வைத்திருக்கும் செலவு. சும்மா ஒரு கணக்குக்கு, தீனி, ஆள் கூலி, லாடம், மருந்து எல்லாம் சேர்ந்து மாதம் 12,000 ரூபாய் என்று வையுங்கள். நீங்கள் கேட்பது 1,80,000. ஒருவர் நல்ல இடம், நல்ல ஆள், 1,65,000 தருகிறேன் என்கிறார். அந்த 15,000க்காக இரண்டு மாதம் காத்திருந்தால் 24,000 செலவாகும். குதிரையும் இரண்டு மாதம் ஓட ஆளில்லாமல் நின்று பயிற்சியை இழக்கும். இந்தக் கணக்கைப் பேரம் தொடங்கும் முன்பே காகிதத்தில் போட்டு, இதற்குக் கீழே கொடுக்க மாட்டேன் என்று ஒரு தொகையை எழுதிவையுங்கள். கேட்கும் விலை அந்தத் தொகைக்கு மேலே பத்து சதவீதத்துக்குள் இருக்கட்டும். வானத்துக்கும் பூமிக்கும் கேட்டுவிட்டு இறங்குவது மாட்டுச் சந்தைப் பழக்கம். சவாரிக்காகத் தேடுபவர் பெரிய விலையைப் பார்த்ததும் அழைக்கவே மாட்டார்.

ரொம்பக் குறைத்தும் போடாதீர்கள். அடிமாட்டு விலைக்குப் போட்டால் முதலில் அழைப்பவர் யார் என்று நினைக்கிறீர்கள்? குதிரையை வெயிலில் நிறுத்தி வாடகைக்கு ஏற்றி இறக்கப் போகிறவரும், வாங்கிய வாரத்திலேயே மறுவிற்பனை செய்யும் தரகரும்தான்.

பயிற்சியாளரிடம் விட்டு விற்கலாமா என்று கேட்பார்கள். குறை பயிற்சியில் மட்டும் இருந்தால் ஆறு முதல் எட்டு வாரப் பயிற்சிக்குச் செலவு செய்வது பெரும்பாலும் விலையில் திரும்பி வரும். எடையோ உயரமோ பொருந்தாததுதான் காரணம் என்றால் அந்தச் செலவு வேண்டாம், சரியான ஆளைத் தேடினால் போதும்.

எப்போது விற்பது

தையிலிருந்து பங்குனி வரை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை நம் கரையில் அடைமழை, புயல். 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் புயல் இரண்டையும் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரை சேறாக இருக்கும்போது குதிரையை ஓட்டிக் காட்ட முடியாது, குளம்பும் நல்ல நிலையில் இருக்காது. கத்திரி வெயிலில் வாங்குபவர் வந்தாலும் குதிரை சோர்ந்து நிற்கும். மழைக்கு முன் விற்றே ஆக வேண்டும் என்றால் ஆவணியில் தொடங்கிவிடுங்கள்.

விளம்பரத்தில் என்ன எழுதுவது

காரணத்தை முதல் நாலு வரிக்குள் எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

"பெட்டை, கத்தியவாரிக் கலப்பு, செவலை. பல் பார்த்து 8 முதல் 9 வயது. 57 இன்ச் (14.1 ஹேண்ட்), எடை சுமார் 365 கிலோ. நடை, ட்ராட் (துள்ளுநடை), கேன்டர் (மிதமான ஓட்டம்) மூன்றும் இரு பக்கமும் ஓடும். தனியாகச் சாலையில் போகும். லாடம் அடிக்க நிற்கும், வண்டியில் ஏற ஐந்து பத்து நிமிடம் யோசிக்கும். எனக்கு எடை அதிகம் என்பதால் கொடுக்கிறேன், 60 கிலோவுக்குள் இருக்கும் ஓரளவு பழகியவருக்குப் பொருந்தும். முதல்முறை ஏறுபவருக்கு வேண்டாம், காலால் அழுத்தினால் சட்டென்று கிளம்பும். கிளாண்டர்ஸ் பரிசோதனை முடிவு கையில் உள்ளது. கடலூர். விலை 1,80,000, கொஞ்சம் பேசலாம். கடற்கரை வாடகைச் சவாரிக்குக் கொடுப்பதில்லை."

"விலை நேரில்" என்று போடாதீர்கள். அது உங்களுக்கும் வேலை, கேட்பவருக்கும் வேலை.

படம் காலை ஏழு மணி வாக்கில், சேணம் இல்லாமல், கெட்டியான சமதரையில், நாலு காலும் தெரிய. இரண்டு பக்கமும், முன்னும் பின்னும், குளம்பு, பல், தழும்பு இருந்தால் தழும்பு. வீடியோவில் ஓட்டத்தைவிட முக்கியமானது அதற்கு முந்தைய பத்து நிமிடம்: லாயத்தில் பிடிப்பது, கயிற்றில் நடத்துவது, நாலு காலையும் தூக்குவது, சேணம் கட்டுவது, ஏறும்போது நிற்பது. விஷயம் தெரிந்தவர் அதைத்தான் பார்ப்பார். வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுத்த வீடியோவுக்கு மதிப்பு அதிகம்.

சொல்லும் இடத்தைப் பொறுத்தவரை, லாடம் அடிப்பவரும் குதிரை மருத்துவரும் நம்முடைய நல்ல தரகர்கள். எந்த லாயத்தில் இடம் காலி, யாருக்கு என்ன குதிரை வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். புதுச்சேரி, ஆரோவில் வட்டாரத்திலும் ஈசிஆரிலும் உள்ள சவாரிப் பள்ளிகளுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். தொழில் தரகரிடம் போவதாக இருந்தால் கமிஷன் எவ்வளவு, யார் தருவது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் இடத்தில் உங்களுக்குச் சொன்ன விலையும் வாங்குபவருக்குச் சொன்ன விலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாங்குபவரை நேரில் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

வந்து பார்க்கும்போது

தொலைபேசியிலேயே நீங்களும் கேள்வி கேளுங்கள். விற்பவர் கேள்வி கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"எத்தனை வருஷமா ஓட்டுறீங்க தம்பி?"

"ரெண்டு வருஷம்ணே. பள்ளிக்கூடக் குதிரைதான், சொந்தமா இல்ல."

"எங்க கட்டப் போறீங்க? கூட வேற குதிரை இருக்கா? உங்க எடை எவ்வளவு?"

இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுபவரை விட்டுவிடலாம். நல்லவர்கள் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

வந்தவுடன் குதிரை தயாராகச் சேணம் கட்டி வியர்த்து நிற்கக் கூடாது. முன்னாடியே ஓடவிட்டுக் களைப்பாக்கி வைத்திருக்கிறார் என்று நினைப்பார், நினைப்பது நியாயமும்கூட. லாயத்திலிருந்து அவர் கண்ணெதிரே வெளியே கொண்டுவாருங்கள். முதலில் கெட்டித் தரையில் கயிற்றில் பிடித்து ட்ராட் ஓடவிடுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும். புதியவர் என்றால் இதை நீங்களே சொல்லிக்கொடுங்கள். அப்புறம் உங்கள் பக்கத்து ஆள் ஓட்டட்டும், கடைசியில் வாங்குபவர். ஹெல்மெட் இல்லாமல் ஏற விடாதீர்கள்.

கடற்கரையில் வைத்துக் காட்டலாமே என்று ஆசை வரும். கடலூர் சில்வர் பீச்சில் ஞாயிறு மாலை வேண்டவே வேண்டாம். கூட்டம், பட்டம், நாய், இதற்கெல்லாம் நடுவே புதிய ஆள். தளர்ந்த மணல் தசைநாரைச் சோதிக்கும், அகன்ற வெளியைப் பார்த்ததும் பல குதிரைகள் பிடுங்கிக்கொண்டு ஓடும். வேலி உள்ள இடத்தில் முதலில் காட்டுங்கள். சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர் வந்தவர் என்றாலும் இன்னொரு நாள் திரும்ப வரச் சொல்லுங்கள். முதல் நாள் மயக்கத்தில் முடிவு செய்தவர்தான் பிறகு திருப்பிக் கொடுக்க வருவார்.

வாங்குபவர் மருத்துவரைக் கூட்டிவந்தால் வரவேற்று, ஒதுங்கி நில்லுங்கள். உங்கள் வழக்கமான மருத்துவரையே அவருக்கும் பரிந்துரைக்காதீர்கள், அவருக்கு வேறு ஒருவர் வேண்டும்.

குறையைச் சொல்வது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துவைப்பது நல்லது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மோசடியை விளக்கும்போது குதிரையைத்தான் உதாரணமாக எடுக்கிறது. ஏலத்தில் ஒருவர், தன் குதிரைக்கு நோவு இருப்பது தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் விற்றால் அது மட்டும் மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரைக்கு ஒரு குறையும் இல்லை என்று எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லி, விற்பவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மௌனமும் பேச்சுக்குச் சமம். நம் பக்கத்தில் வாங்க வருபவர் எல்லாருமே ஏதோ ஒரு வடிவில் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள்: "ஒண்ணும் பிரச்சினை இல்லையே அண்ணே?" அந்த இடத்தில் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஏறப்போவது ஒரு மனிதர், விழுந்தால் உடைவது அவர் கழுத்து.

பணம், காகிதம்

சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று கேட்டால் கொடுக்கலாம், ஆனால் எழுதிக் கொடுங்கள். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, குறித்த தேதிக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டால் வாங்கியதாகவே ஆகும். ஆகவே கடைசித் தேதி, அதுவரை தீனி யார் செலவு, காயம் பட்டால் யார் பொறுப்பு, வேறு யாரும் ஏறலாமா என்று நாலு வரி போதும்.

முன்பணம் வாங்கினால், மருத்துவர் பரிசோதனையில் தேறாவிட்டால் திருப்பித் தருவேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முழுப் பணமும் வங்கி வழியாக வரட்டும். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2017 முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அதைவிடக் குறைந்த தொகைக்கும் வங்கிப் பதிவு இருந்தால் பின்னால் பேச்சு வராது.

விற்பனைக் கடிதத்தில் குதிரையின் நிறம், அடையாளம், சுழி, உயரம், வயது, சிப் எண் இருந்தால் அது, விலை, தேதி, எந்த நேரத்திலிருந்து குதிரை அவர் பொறுப்பு, நீங்கள் சொன்ன குறைகள் என்ன என்பது, இரண்டு சாட்சி. குறைகளை எழுதும் அந்தப் பத்தி உங்களையே காப்பாற்றும். திருப்பி விற்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள். நீதிமன்றத்தில் அது எவ்வளவு செல்லும் என்பது ஒரு பக்கம், நல்ல மனிதர்கள் அதை மதிக்கிறார்கள்.

வாங்க ஆள் வரவே இல்லை என்றால்

இரண்டு மாதத்தில் ஒரு நல்ல அழைப்பும் இல்லை என்றால் விலை தப்பு, அல்லது தப்பான ஆட்களிடம் சொல்கிறீர்கள். முதலில் இடத்தை மாற்றுங்கள், அப்புறம் விலையை ஒரே தடவையில் தெரியும்படி இறக்குங்கள். வாரம் ஐயாயிரம் ஐயாயிரமாக இறக்கினால் எல்லாரும் இன்னும் இறங்கட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். சவாரிப் பள்ளிக்குக் குத்தகை போல ஆறு மாதம் கொடுத்து, தீனிச் செலவு அவர்களுடையது, குதிரை உங்களுடையது என்று வைத்துக்கொள்வதும் நல்ல வழி. அந்த ஆறு மாதத்தில் அங்கேயே ஒரு மாணவருக்குப் பிடித்துப்போய் வாங்கிக்கொள்வதுண்டு. வயதான, ஏற முடியாத குதிரை என்றால் அதற்கு விலையே பேசாதீர்கள், இன்னொரு குதிரைக்குத் துணையாக வைத்துக்கொள்ளும் நிலம் உள்ளவரைத் தேடுங்கள்.

அனுப்பி வைப்பது

1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி, பயணத்துக்குத் தகுதியானது, தொற்றுநோய் இல்லை என்ற மருத்துவர் சான்று குதிரையோடு போக வேண்டும். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு இருபது சொச்சம் கிலோமீட்டர்தான் என்றாலும் அது மாநில எல்லை. ஆல்பேட்டையிலோ முள்ளோடையிலோ நிறுத்திக் கேட்டால் காட்டச் சான்று, விற்பனைக் கடிதம், பரிசோதனை முடிவு மூன்றின் நகலும் ஓட்டுநரிடம் இருக்கட்டும். பக்கத் தடுப்பு உயரமாக உள்ள வண்டி, தரையில் வழுக்காமல் மணலோ தென்னை நாரோ பரப்பி, வெயில் ஏறும் முன் கிளம்ப வேண்டும். வண்டியில் ஏறத் தயங்கும் குதிரை என்றால் முந்தைய வாரமே தினமும் வண்டியை நிறுத்தி, உள்ளே தீனி வைத்துப் பழக்குங்கள். கிளம்பும் நாளில் அடித்து ஏற்றினால் அதன் பிறகு எந்த வண்டியிலும் அது ஏறாது.

குதிரையோடு அது இப்போது தின்னும் தீனியில் பத்து நாளுக்குப் போதுமான மூட்டையையும் ஏற்றிவிடுங்கள். தீனியைத் திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வரும், குதிரைக்கு வயிற்றுவலி என்பது உயிர் போகும் விஷயம். பழையதில் கொஞ்சம் குறைத்து, புதியதில் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் மாற்ற வேண்டும். எந்த வேளைக்கு எவ்வளவு, எந்தக் கடிவாளம், எந்தப் பக்கம் தொட்டால் கூச்சப்படும், கடைசி லாடம் எப்போது என்று ஒரு தாளில் எழுதி மூட்டையோடு கட்டிவிடுங்கள். முதல் மூன்று நாள் யாரும் ஏற வேண்டாம் என்றும் அதில் எழுதுங்கள். நான்காம் நாள் நீங்களே அழைத்து, சாணம் சரியாகப் போடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று கேளுங்கள்.